படைவீரர் அணிவகுப்பும் பஞ்சாயத்தின் கடமையும்

(தென்காசி வட்டாரத்து ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்கள், விவசாயிகள் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பிசானத்திற்கு நாற்றங்கால் ஆயத்தம் செய்யும் வேலை மிகுந்த நாட்கள் இவை. அவ்வேலையைச் சற்றே ஒதுக்கி வைத்து நீங்கள் அனைவரும் இங்கு வந்திருக்கிறீர்கள்.

நாட்டுக் காவற் பணியில் இளமையைச் செலவிட்டு ஊர் திரும்பியிருக்கும் முன்னாள் படைவீரர்களைப் பெருமைப்படுத்தத் தென்காசி நகரில் ஓர் அணிவகுப்பு நடத்த வேண்டுமென்று பலர் நம்மிடம் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள். காசி விசுவநாதர் திருக்கோயில் இராசகோபுரத்தின் முன்னிருந்து தொடங்கலாமா, குற்றாலச் சாலை வரை செல்லலாமா, எத்தனை வாத்தியக் குழுக்களை அழைக்கலாம் என்றெல்லாம் யோசனைகள் வந்துள்ளன. எண்ணம் நல்லது, நடத்தத்தான் வேண்டும். ஆயினும் வாத்தியக் குழுவைக் காட்டிலும் முதன்மையான கேள்வி ஒன்று உண்டு. அணிவகுப்பில் வர இயலாதவர் யார்? அவர் எந்த ஊரில், எந்த நிலையில் இருக்கிறார்? அக்கேள்விக்கு விடை கூறத் தக்கவர்கள் இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் நீங்களே. ஆதலின் அதைப் பற்றியே இன்று உங்களோடு கலந்து பேச விரும்புகிறோம்.

இரண்டு நாட்கள்

படைவீரர்களை நினைப்பதற்கென நம் நாட்டில் இரண்டு நாட்கள் குறிக்கப்பட்டுள்ளன. ஒன்று, டிசம்பர் 7ஆம் நாளாகிய கொடிநாள். விடுதலை பெற்று இரண்டாண்டு கடந்ததும், 1949 ஆகஸ்டு 28 அன்று, பாதுகாப்பு அமைச்சரின் தலைமையில் அமைந்த குழு இந்நாளை வகுத்தது. செந்நிறம், கருநீலம், இளநீலம் ஆகிய மூன்று நிறங்கள் கொண்ட சிறு கொடிகளை மக்களிடம் அளித்து, அதன் வாயிலாகத் திரளும் நிதியைக் கொண்டு போரில் ஊனமுற்றோர், வீரர்களின் விதவையர், முன்னாள் வீரர் குடும்பங்கள் ஆகியோருக்கு உதவுவது இதன் நோக்கம். பள்ளிப் பருவத்தில் உண்டியலில் காசு இட்டுச் சட்டையில் கொடி குத்திக்கொண்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

மற்றொன்று, ஜனவரி 14ஆம் நாளாகிய முன்னாள் படைவீரர் நாள். இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாக 1949 ஜனவரி 15 அன்று பொறுப்பேற்ற குடகு நாட்டுக் கரியப்பா, 1953 ஜனவரி 14 அன்று பணியினின்று ஓய்வு பெற்றார். அந்நாளே 2016 முதல் முன்னாள் படைவீரர் நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. நமக்கோ அது போகியாகவோ பொங்கலாகவோ அமையும் நாள். விடுப்பில் வரும் இளம் வீரர்கள் பொதிகை வண்டியில் ஊர் வந்து சேரும் நாட்களும் அவையே. பழையவரும் புதியவரும் ஊரில் ஒருங்கே இருக்கும் அவ்வாரத்தைக் காட்டிலும் அணிவகுப்புக்குப் பொருத்தமான காலம் வேறு இல்லை.

சிற்றூர் நடத்தும் விழாவினால் என்ன ஆகும் என்று ஐயுறுவோர்க்கு அயல்நாட்டுச் செய்தி ஒன்றைக் கூறுவோம். முதல் உலகப்போர் 1918 நவம்பர் 11 அன்று ஓய்ந்தது. அமெரிக்காவில் அந்நாள் அப்போரின் நினைவுக்கு மட்டுமே உரியதாக நெடுங்காலம் இருந்தது. பின்னர் நேர்ந்த போர்களில் பணியாற்றியோர்க்கு நாள் ஏதும் இல்லை. கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்னும் சிறு நகரில் காலணிக் கடை வைத்திருந்த ஒருவர், எல்லாப் படைவீரர்களையும் அந்நாளில் நினைக்க வேண்டுமென்றார். நகரத்தார் உடன்பட்டு 1953இல் அவ்வாறே கொண்டாடினர். மறு ஆண்டே, 1954இல், அது நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று. ஆகவே, சிறு நகரம் என்று நாம் நம்மைக் குறைத்து எண்ண வேண்டுவதில்லை.

கல்லும் காணியும்

வீரனைப் பெருமைப்படுத்தும் வழக்கத்தைப் பிறரிடம் நாம் கற்க வேண்டிய நிலையில் இல்லை. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் அதனை நட்டு வாழ்த்துவது வரை ஆறு நிலைகளாக நடுகல் மரபைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகிறது. நிரை மீட்டு மாண்டவனுக்கும் ஊர் காத்து வீழ்ந்தவனுக்கும் எழுப்பிய கற்கள் தமிழ்நாடெங்கும் கிடைத்துள்ளன. அவற்றுள் பலவற்றில் வீரனின் பெயரும் ஊரும் அவன் மாண்ட காரணமும் பொறிக்கப்பட்டிருக்கும்.

இதனோடு இணைந்த மற்றொரு வழக்கமும் இருந்தது. போரில் உயிர் நீத்தவன் குடும்பத்திற்கு ஊராரும் அரசரும் நிலம் விட்டனர். ‘உதிரப்பட்டி’ என்று அதற்குப் பெயர். சிந்திய குருதிக்கு ஈடாக அளித்த நிலம் என்பது பொருள். விவசாயிகளாகிய உங்களுக்கு இதன் ஆழத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. ஊரில் நிலம் குறைவு, தண்ணீர் அளவானது, அவற்றிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கித் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு ஊர் கொடுத்தது. கல் நட்டதோடு கடமை தீர்ந்தது என்று அவர்கள் கருதவில்லை. கல் பெருமைக்கு, காணி பிழைப்புக்கு. இரண்டும் சேர்ந்ததே நன்றி.

அயலார் ஆட்சியில் இம்மரபு எவ்வாறு தேய்ந்தது என்பதற்கும் சான்று உண்டு. முதல் உலகப்போருக்கு இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்றனர்; 74,000 பேரளவில் மாண்டனர். போருக்குப் பின் பல ஊர்களில் சிறு சலவைக்கற்கள் பதிக்கப்பெற்றன. இந்த ஊரிலிருந்து போருக்குச் சென்றவர் இத்தனை பேர், உயிர் நீத்தவர் இத்தனை பேர் என்று அவற்றில் எழுதியிருக்கும். எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. மாண்டவன் எவர் மகன், அவன் மனைவி மக்கள் என்ன ஆயினர் என்பதைக் கல் சொல்லாது. அக்குறை விடுதலைக்குப் பின் படிப்படியாக நீக்கப்பட்டது. புதுதில்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவிடத்தில் 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பெயரைப் பொறித்தல் தேசம் செய்யும் பணி. அப்பெயர்க்குரிய வீட்டில் இன்று அடுப்பு எரிகிறதா என்று பார்த்தல் ஊர் செய்ய வேண்டிய பணி.

வரிசையில் வாராதவர்

அணிவகுப்பு நாளன்று பதக்கம் அணிந்து நிமிர்ந்து நடந்து வருபவர் பெரும்பாலும் உடல்நலமும் ஓய்வூதியமும் உள்ளவர். அவரை ஊர் அறியும்; அலுவலகமும் அறியும். வரிசையில் வாராதவர் மூவகையினர்.

முதல் வகையினர், நடக்க இயலாதவர். 1965இலும் 1971இலும் போர்முனை கண்டவர்கள் இன்று 70 வயதைக் கடந்தவர்கள். காலோ பார்வையோ இழந்து கட்டிலில் இருப்பவர்களும் உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் முதல் நடைபெற்று வருகிறது. ஆயினும் அதன் அட்டையைப் பெற்றுக்கொள்ளாதவர்களும், அட்டை இருந்தும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஆளில்லாதவர்களும் நம் ஊர்களில் இருத்தல் கூடும்.

இரண்டாம் வகையினர், விதவையர். ஓய்வூதியம் பெற்றவர் இறந்தபின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஆனால் எத்தனை வீடுகளில் அது எளிதாக வந்து சேர்கிறது? படையின் பதிவேட்டில் மனைவி பெயர் ஒருவிதமாகவும், ஆதார் அட்டையில் வேறுவிதமாகவும், வங்கிக் கணக்கில் மற்றொரு விதமாகவும் இருக்கும். மாரியம்மாள் ஓரிடத்தில் மாரியாயி ஆகிவிடுவாள். சேர்ந்த நாளில் வடநாட்டு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது, 50 ஆண்டு கழித்து ஒரு மூதாட்டியின் சோற்றைத் தடுத்து நிறுத்தும். திருமணத்தைப் பதிவேட்டில் சேர்க்காமலே கணவர் காலமாகியிருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. மேலும், ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுக்கொருமுறை உயிர்வாழ் சான்று அளித்தாக வேண்டும். இப்பொழுது ‘ஸ்பர்ஷ்’ என்னும் கணினி முறையில் பாதுகாப்புத் துறை ஓய்வூதியம் வழங்கப்படுகிறது. சான்று போய்ச் சேராவிடில் பணம் நின்றுவிடும். வெளியூர் மகனின் கைப்பேசி எண்ணுக்குச் செய்தி போகும். பணம் ஏன் வரவில்லை என்பது மூதாட்டிக்குத் தெரியாது. இத்தனைக்கும் அஞ்சல்காரர் வீட்டுக்கே வந்து விரல் ரேகை வைத்து அச்சான்றைப் பதிந்து தரும் வசதி உண்டு. அதை அவளுக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் வார்டு உறுப்பினராக இருத்தல் தகும்.

மூன்றாம் வகையினர், ஓய்வூதியமே இல்லாதவர். சிப்பாயாகச் சேர்ந்தவர் பொதுவாக 15 ஆண்டு பணி முடித்தால்தான் ஓய்வூதியத்துக்கு உரியவர். குடும்பச் சூழ்நிலையால் இடையில் விலகி வந்தவர்களுக்கு அது இல்லை. வயலில் கூலி வேலை செய்யும் முதியவர் ஒருவர் பனிமலையில் காவல் நின்றவர் என்பது அடுத்த தெருவுக்கே தெரியாமல் இருக்கும். அவரும் பேசமாட்டார். இத்தகையோருக்கும் வழி உண்டு. 65 வயது கடந்த, ஓய்வூதியமும் நிலையான வருமானமும் இல்லாத, ஹவில்தார் நிலை வரையிலான முன்னாள் வீரர்களுக்கும் அவர்தம் விதவையர்க்கும் மத்திய அரசின் முன்னாள் படைவீரர் நல நிதியிலிருந்து மாத உதவி அளிக்கப்படுகிறது. 2025 நவம்பர் 1 முதல் அத்தொகை 4,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பிள்ளைகளின் கல்வி உதவி மாதம் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாகவும், மகள் திருமண உதவி 50,000 ரூபாயிலிருந்து 1,00,000 ரூபாயாகவும் அப்பொழுதே உயர்ந்தன. இந்நிதி கொடிநாள் நிதியைச் சார்ந்தது. பள்ளிப் பிள்ளை உண்டியலில் இட்ட காசு எங்கே போகிறது என்பார்க்கு இதுவே விடை. இரண்டாம் உலகப்போர்க் காலத்து வீரர்களின் விதவையர் எவரேனும் ஊரில் இருப்பின், மாநில அரசின் வாழ்நாள் உதவித்தொகை அவர்களுக்கு உண்டு.

திட்டம் இல்லாமையன்று குறை. உரியவர் யார் என்று தெரியாமையே குறை. சித்திராற்றில் நீர் வந்தும் கடைமடைக்கு எட்டாத நிலை இது. வாய்க்காலில் எங்கே அடைப்பு என்பதை மடைக்கு அருகில் இருப்பவன்தான் அறிவான்.

நான்கு நாட்களில் ஒரு பதிவேடு

ஆகவே, அணிவகுப்புக்கு முன் ஒவ்வோர் ஊராட்சியும் ஒரு பதிவேடு எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். குத்துக்கல்வலசை, ஆயிரப்பேரி, மத்தளம்பாறை, காசிமேஜர்புரம் எனச் சிறிதும் பெரிதுமாக உள்ள எல்லா ஊராட்சிகளிலும் இதனைச் செய்யலாம். இதற்கெனப் புதிய கூட்டம் எதுவும் கூட்ட வேண்டியதில்லை. நாட்கள் ஏற்கெனவே அமைந்துள்ளன.

நவம்பர் 1, உள்ளாட்சிகள் நாள் கிராம சபை. அச்சபையில் இச்செய்தியை அறிவித்து, தெருத் தெருவாகப் பெயர் கேட்க உறுப்பினர்களைப் பணியுங்கள். சுய உதவிக் குழு மகளிர் உடன் சென்றால் விதவையர் தயங்காமல் பேசுவர்.

டிசம்பர் 7, கொடிநாள். அன்று உண்டியலோடு பதிவேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். காசு கேட்கும் வீட்டிலேயே, படையில் பணியாற்றியவர் எவரேனும் உண்டா என்றும் கேளுங்கள்.

ஜனவரி 14ஐ ஒட்டிய நாள், அணிவகுப்பு. வருவோர் பெயரும் வர இயலாதவர் பெயரும் அதற்குள் உங்கள் கையில் இருக்கும்.

ஜனவரி 26, குடியரசு நாள் கிராம சபை. அன்று, பதிவேட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் என்ன குறை, எந்த அலுவலகத்துக்கு எழுதினோம், என்ன விடை வந்தது என்பதைச் சபையில் படியுங்கள். உடையவர் விரும்பாத சொந்தச் செய்திகளைச் சபையில் படிக்க வேண்டாம்.

பதிவேட்டில் எழுத வேண்டியவை சிலவே: பெயர், படைப்பிரிவும் படை எண்ணும், சேர்ந்த, விலகிய ஆண்டுகள், விடுவிப்புப் புத்தகம் உண்டா, ஓய்வூதிய ஆணை உண்டா, அதில் மனைவி பெயர் சரியாக உள்ளதா, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, மருத்துவ அட்டை உண்டா, உயிர்வாழ் சான்று கடைசியாக எப்பொழுது அளிக்கப்பட்டது, கற்ற தொழில் என்ன. ஒரு வீட்டுக்கு அரைமணி நேரம் போதும். குறை காணப்படின், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஊராட்சியின் கடிதத்தோடு அனுப்புங்கள். மாவட்ட ஆட்சியர் நடத்தும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்துக்கு அம்முதியவரைத் தனியே அனுப்பாமல் ஒருவர் துணை செல்லுங்கள்.

அணிவகுப்பு எவ்வாறு அமைய வேண்டும்?

இனி, அணிவகுப்பைக் குறித்துச் சில சொல்வோம். நடப்பவர் முதியவர். எனவே தூரம் ஒரு கிலோமீட்டருக்குள் அமைதல் நன்று. வெயில் ஏறுமுன் முடித்தல் வேண்டும். வழியில் குடிநீரும், முடிவில் நிழலும் நாற்காலியும், நடக்க இயலாதவர்க்கு வண்டியும் இருத்தல் வேண்டும். பதவி வரிசை பாராமல் வயதில் மூத்தவரை முன்னிறுத்தலாம். கணவரின் பதக்கத்தை மனைவி தம் வலப்புற மார்பில் அணிந்து நடப்பது மரபு. அவ்வாறு வரும் பெண்களுக்கு வரிசையின் முதலிடம் கொடுங்கள். பதினைந்து பேர் பேசும் மேடையும் பொன்னாடைக் குவியலும் வேண்டாம். அச்செலவில் ஒரு கண் சிகிச்சை நடக்கும்.

கட்சிக் கொடியும் சாதிக் கொடியும் இவ்வணிவகுப்பில் இடம்பெறலாகாது. தேசியக் கொடி ஒன்றே போதும். ஊர்வலம் எந்தத் தெரு வழியே செல்வது என்பதில் மனத்தாங்கல் எழும் வட்டாரம் நம்முடையது என்பதை மறைத்துப் பேசிப் பயனில்லை. படையிலே இவர்கள் ஒரே பந்தியில் உண்டவர்கள். ஒரே பதுங்குகுழியில் படுத்தவர்கள். ஒருவன் குருதியை மற்றவன் கைத்துணியால் கட்டியவர்கள். 1758இல் தொடங்கிய மரபினை உடையதும், நீலகிரியில் வெல்லிங்டனைத் தலைமையிடமாகக் கொண்டதுமான மதராஸ் ரெஜிமெண்டில் தமிழரும் மலையாளியரும் தெலுங்கரும் கன்னடியரும் தோளோடு தோள் நிற்கின்றனர். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டையும், அன்று சென்னை மாநிலத்தில் இருந்த தென்காசியும் இன்று ஒரே மாவட்டமாக இருக்கின்றன. எல்லையில் ஒன்றாக நின்றவர்கள் ஊர் எல்லைக்குள் வந்ததும் தெருவின் பெயரால் பிரிக்கப்படுதல் நமக்கு இழுக்கு. ஊர்ப் பெயரை எழுதிய பலகையின் பின்னே அவ்வூரார் அனைவரும் ஒரே வரிசையில் நடக்கட்டும். இந்த ஒன்றைச் சாதித்தாலே அணிவகுப்பு நடத்திய பயன் கிட்டிவிடும்.

ஊருக்கு அவர்கள் தரக்கூடியது

முன்னாள் வீரர் என்றால் உதவி கேட்டு நிற்பவர் என்று எண்ணிவிடலாகாது. கற்ற தொழில் என்ன என்று பதிவேட்டில் கேட்பதற்குக் காரணம் உண்டு. படையில் ஒருவர் பொறியியல் பிரிவில் பாலம் கட்டியிருப்பார். ஒருவர் செய்தித் தொடர்பு இயக்கியிருப்பார். ஒருவர் மருத்துவ உதவியாளராக இருந்திருப்பார். ஒருவர் கனரக வண்டிகளைப் பழுது பார்த்திருப்பார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்கள் நான்கிலும் பெய்த பெருமழையை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருவைகுண்டத்தில் இரயில் வண்டி ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது. விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் உணவு கொண்டு வந்தன. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைக் கொண்டு சென்றது. கயிறு கட்டவும், கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும், பதற்றமின்றிக் கட்டளையிடவும் பயின்றவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். வெள்ளக் காலத்தில் குளக்கரை காக்கும் குழுவிலும், சாரல் காலத்தில் அருவிக்கரைத் தொண்டர் படையிலும், பள்ளி விளையாட்டுத் திடலிலும் அவர்களுக்கு இடம் அளியுங்கள். மரியாதைகளுள் உயர்ந்தது பொறுப்பை ஒப்படைத்தல்.

தொழில் தொடங்க விரும்புவோருக்கும் வழி உண்டு. 2024 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்டு 2025 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம், முன்னாள் படைவீரர்க்கு ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடனும், அதில் 30 விழுக்காடு மூலதன மானியமும், 3 விழுக்காடு வட்டி மானியமும் கிடைக்க வகை செய்தது. கால்நடைப் பண்ணையோ எண்ணெய் ஆலையோ தொடங்க எண்ணும் வீரர் நம் வட்டாரத்தில் இருப்பின், திட்ட அறிக்கை எழுத நம் அலுவலகத்தில் உதவி கிடைக்கும்.

மற்றொன்றையும் முன்கூட்டியே எண்ண வேண்டும். 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் சேரும் இளைஞர்கள் நான்காண்டுப் பணிக்குப் பின் வெளியேறுவர். நிலையான பணியில் தொடர்வோர் 25 விழுக்காட்டுக்கு மேற்படார் என்பது தொடக்கத்தில் வகுத்த விதி. வெளியேறுவோர்க்கு ஒரு தொகை கிடைக்கும். மாத ஓய்வூதியம் இல்லை. முதல் அணியினரின் தவணை முடியும் காலம் 2026இன் இறுதி. கட்டுப்பாடு கற்ற இளைஞர்கள் ஊருக்குத் திரும்புவர். அவர்களுக்கு ஊரில் ஒரு வேலையும் ஒரு மதிப்பும் உண்டா என்பதற்கு நாம் இன்றே விடை தேட வேண்டும். நாம் எழுதும் பதிவேட்டில் அவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

நண்பர்களே! தென்காசிக் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், இக்கோயிலைப் பிற்காலத்தில் பழுது நேராமல் காப்பவர் எவரோ அவரைத் தான் பணிவதாகக் கல்லில் பொறித்து வைத்தான். கட்டியவன் அரசன், ஆயினும், பிறகு காக்கப் போகிறவன் எளியவனாயினும் அவன் அடி தொழுதான். எழுப்புவது ஒரு நாள் வேலை, காப்பது தலைமுறை வேலை என்பதை அவன் அறிந்திருந்தான். நாட்டைக் காத்தவர்கள் தம் பங்கைச் செய்து முடித்து நம் ஊர்களுக்குத் திரும்பியிருக்கிறார்கள். அவர்களைக் காக்கும் பங்கு இப்பொழுது நம்முடையது.

அணிவகுப்புக்கு நாளும் வழியும் குறிப்பதை நகரத்தார் பார்த்துக்கொள்வர். நீங்கள் நவம்பர் 1 கிராம சபைக்குச் செல்லும்பொழுது ஒரு வெற்றுப் பதிவேட்டை எடுத்துச் செல்லுங்கள். ஜனவரி 26 சபைக்கு அது நிறைந்து வரட்டும். அணிவகுப்பில் கண்ட பெயர்களைக் காட்டிலும், காணாத பெயர்கள் அதில் மிகுந்திருக்கட்டும்.